காலடி மண்

எழுபதுகளின் கடைசியில், ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு டாக்டர் அம்மாவோடு பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளை எடை பார்த்தேன். நான் பாடம் நடத்திய கல்லூரியும் அவர் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. அவர் தராசு பிடிப்பார், நான் தாய்மாரோடு பேசுவேன். பேசுவது என்ன, பாதி நேரம் பயப்படுவதுதான் என் வேலை. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே அது ஆரம்பித்துவிடும். குழந்தையை அழகு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அவரிடம் தினமும் மன்றாடுவேன்.

அவர் சொல்லவில்லைதான். ஒரு ஃபிட்டர் வீட்டில், தான் கற்ற தமிழில், "இந்தத் தெருவில் இவன்தான் அதிக எடை" என்றார். எடை வெறும் எண், அதில் என்ன தப்பு என்பது அவர் கணக்கு. தாய் சட்டென்று பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் போனால் குழந்தைக்கு ஜுரம். டாக்டர் அம்மா வெளியே கேட்டருகே நின்றார். தாய் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரியில காட்டி மருந்து கொடுத்துட்டோம் டீச்சர். ஆனா சுத்திப் போடணும். அவங்க காலடி மண்ணு வேணுங்க."

உங்கள் கண் பட்டுத்தான் ஜுரம் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவர் கோபித்துக்கொண்டு போனால் ஆராய்ச்சி நின்றுவிடும். மண் கொடுக்காவிட்டாலோ சாயங்காலத்துக்குள் தெருவே கதவைச் சாத்திவிடும். அவர் பார்க்காதபோது ஒரு பிடி அள்ளிவிடலாம், ஊரில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் குழந்தையைத் தொடவே தாயிடம் சம்மதம் கேட்கிறோம். இவரிடம் மட்டும் திருடுவதா?

வெளியே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது.

"என்னால்தான் என்று நினைக்கிறாளா?"

"ஆமாம்" என்றேன். பூசி மெழுக எனக்குத் தெம்பில்லை.

அவர் ஷூவைக் கழற்றி, வெறுங்காலை மண்ணில் அழுத்தி வைத்து விலகினார். "போதுமா என்று கேளுங்கள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்ணைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். கண்டம் தப்பியது என்று நிம்மதியாக இருந்தது.

தாய் அதோடு உப்பும் மிளகாயும் சேர்த்தாள். காகிதத்தை மடிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா நெனக்காதீங்க டீச்சர். உங்க காலடி மண்ணும் கொடுங்க. நீங்களுந்தானே பாத்தீங்க."

அதுவரை நான் அந்தத் தெருக்காரர்கள் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.