இஸ்பஹானுக்குக் கட்டிய இரண்டு பிராதுகள்

“இவ்வளவு பயப்படுறவ, போறதுன்னா அந்த ஊருக்குத்தான் போவணுமா?”

என் கணவர் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

கேள்வியில் தப்பில்லை. நான் பயந்தவள்தான். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். திட்டக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போது மகளை ஜன்னலோரம் உட்கார விடமாட்டேன். அவளுக்கு நாலரை வயது. இருமல் மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பாட்டிலைப் படிப்பேன், கொடுத்த பிறகும் ஒருமுறை படிப்பேன். அப்படிப்பட்ட நான் ஆசைப்படுவது ஈரானுக்கு.

செராமிக் டிப்ளமோ படித்தபோது வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். இஸ்பஹான் நகரத்து மசூதி ஒன்றின் குவிமாடம். முழுக்க நீல ஓடு. நீலம் என்று சொன்னாலும் சரியில்லை, பச்சை என்றாலும் சரியில்லை. மற்றவர்கள் தேர்வுக்கு வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஓட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இப்போது விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் யூனிட்டில், கிளேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொம்மைக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் பளபளப்புப் பூச்சு கலப்பதுதான் கிளேஸ் வேலை. அந்த மசூதி ஓட்டுக்கு நிறம் தருவது தாமிரம் என்று படித்திருக்கிறேன். அதே தாமிரத்தை எங்கள் பூச்சில் கலந்தால் பச்சைதான் வருகிறது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, சூளையின் ஒரு மூலையில் சின்னச் சின்ன வில்லைகளாக வைத்துச் சுட்டுப் பார்த்தேன். பதினோரு வில்லைகள். பத்து பச்சை. பதினொன்றாவதின் ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு அந்த நிறம் வந்திருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த வில்லை இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

சமைக்கும்போது மிளகு டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்ப்பேன். ஏமனில் மண்ணால் கட்டிய ஏழு மாடி வீடுகள். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில், மசூதிக்குப் பக்கத்திலேயே ஓடு வெட்டி ஒட்டும் பட்டறை. என் பட்டியலில் இருக்கும் எல்லா ஊருக்கும் அரசாங்கத்தின் ‘அவசியமின்றிச் செல்ல வேண்டாம்’ என்ற எச்சரிக்கை உண்டு. சுவிட்சர்லாந்து வந்தால் விரல் தானாகத் தள்ளிவிடுகிறது. எச்சரிக்கையை ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்து முடித்ததும் அதே வீடியோவை மறுபடி போடுவேன். இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

போன வாரம் என் டிப்ளமோ தோழியிடமிருந்து செய்தி வந்தது. அவள் மஸ்கட்டில் ஒரு டைல்ஸ் கம்பெனி லேபில் இருக்கிறாள். அவளோடு சேர்த்து ஐந்து பெண்கள், எட்டு நாள் பயணமாக ஈரானுக்குக் கிளம்புகிறார்கள். ஒருத்தி கழன்றுகொண்டாள். அந்த இடத்துக்கு நான் வருகிறேனா என்று கேட்டிருந்தாள். நிலைமை மோசமானால் ரத்து செய்துவிடலாம், ஆனால் பதிலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அங்கேயே நின்று மகளை நினைத்து அழுதேன். வெளியே வந்து என் கணவரிடம் சொன்னேன்.

அவர் ரயில்வே ஜங்ஷனில், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எதையும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்பிவிடுவதே அவர் வேலை. என் விஷயத்தில் மட்டும் திருப்பமாட்டேன் என்றார். “போவாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. பாப்பாவ நானும் அம்மாவும் பாத்துக்கறோம். முடிவு உன்னுது.” யாராவது ‘போகக் கூடாது’ என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் மாமியார் மூன்று நாள் டிவியில் போர்ச் செய்தியை மட்டும் சத்தமாக வைத்தார். வெள்ளிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் வந்தார். மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். “ஆயா உனக்காக லெட்டர் எழுதி வேல்ல கட்டுச்சிம்மா.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். தீராத குறை என்றால் போலீசுக்கு எழுதுவது போல ஒரு தாளில் சாமிக்குப் பிராது எழுதி, பூசை செய்து, முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டு, பிராது அங்கே போய்ச் சேர அதற்கேற்ற படிச்செலவும் வாங்குவார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. பயணமும் அந்தத் தொண்ணூறு நாளுக்குள்தான் வருகிறது.

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அப்புறம் சொல்றேன் என்று அவரைக்காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. என் பயணத்தை நிறுத்தச் சொல்லித்தான் கட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். முகத்துக்கு நேராகச் சொல்லாமல் சாமியிடம் போய்ச் சொல்லிவிட்டாரே என்று ஆத்திரம்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கோயிலுக்குப் போனேன். நானும் ஒரு பிராது எழுதினேன். முதல் தாளில் பத்திரமாகப் போய்வர அருள வேண்டும் என்று எழுதி, ஊர் சுற்றுவதற்கெல்லாம் சாமியைத் தொந்தரவு செய்யலாமா என்று கிழித்தேன். இரண்டாவதில் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன், அதையும் கிழித்தேன். மூன்றாவதில் ஒரே வரி. ‘என் மாமியார் வெள்ளிக்கிழமை கட்டிய பிராதில் கேட்டது எதுவோ, அது நடக்கக் கூடாது.’ அவர் எப்படி எழுதியிருந்தாலும் இது அதைத் தடுத்துவிடும். படித்தவள் எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்குப் பெருமை வேறு. முடிச்சை இரண்டு முறை போட்டேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் அவரிடம் கோயில் கதையைச் சொல்லிச் சிரித்தது அடுப்படி வரை கேட்டது.

“சீட்டு எழுதுறவன் எந்த ஊருன்னு கேட்டான். ஈரான்னேன். அது பண்ருட்டி தாண்டியான்னான். கடலு தாண்டிப்பான்னேன். எத்தன கிலோமீட்டருன்னு என்னையே கேக்கறான். எனக்கென்ன தெரியும், நீயே ஒரு கணக்குப் போட்டுக்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

நான் வெளியே வந்தேன். “என்னன்னு எழுதச் சொன்னீங்க அத்த?”

“என்னத்த எழுத. மருமவ போன எடத்துல பத்திரமா இருந்து, கைகால் சொகத்தோட வூடு வந்து சேரணும்னுதான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இந்த வூட்டுக்கு வந்ததுலேருந்து வாயத் தொறந்து ஒன்னும் கேட்டதில்ல நீ. இதத்தான் கேட்ட. வேணாம்னா சொல்லுவேன்?” என்றார்.

வடித்த கஞ்சி பாத்திரத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கேட்டது நடக்கக் கூடாது என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது நான் உயிரோடு திரும்பி வருவதை.

மறுநாளும் லீவு. கோயிலில் சீட்டு எழுதுகிறவரிடம் என் பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். நடந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, நடக்கக் கூடாது என்றுதான் வாபஸ் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கேட்டது நடந்தப்புறம் வந்து வாபஸ் வாங்குவாங்கம்மா. நடந்துடப் போவுதுன்னு பயந்து வந்தது நீங்கதான்.”

வேல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடர்ந்து தொங்கின. என்னுடையது எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கட்டுங்கள் என்றார். என் எழுத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் ஒன்றைக் கவனித்தேன். நேற்றிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்றே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். போகலாமா வேண்டாமா என்ற கவலையை எங்கேயோ விட்டுவிட்டேன். கடைத்தெருவில் இறங்கி, தலையை மூடிக்கொள்ள ஒரு கறுப்பு ஷால் வாங்கினேன். வீட்டில் அதைப் போட்டுக் காட்டியபோது மகள் கைதட்டினாள். மாமியார் தூரத்திலிருந்து பார்த்து, பின்னால் ஒரு ஊக்கு குத்திக்கொள்ளச் சொன்னார். நான் திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து போய் அவருடைய பிராதை வாபஸ் வாங்கலாம் என்று இப்போதே திட்டம் போட்டிருக்கிறார்.

என் பிராதைப் பற்றி அவருக்குத் தெரியாது. தோழிக்கு ‘வர்றேன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. வரும் ஞாயிறு கடைசி நாள்.

படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். நான் கட்டியதை அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவதா? சொன்னால், இத்தனை நாள் தைரியமாக இருந்தவர் நான் திரும்பும் வரை தூங்காமல் கிடப்பார். சொல்லாமல் போனால், அவர் கையால் விபூதி பூசி அனுப்பும்போது நான் எப்படி நிமிர்ந்து பார்ப்பது? மாமியாரோ அம்மாவோ வேண்டிக்கொள்ள, பிள்ளையை விட்டுவிட்டு இப்படியொரு ஊருக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்.