சித்தப்பாவின் சீமைப் படிப்புக்காக வீடு பார்க்க வந்தவர்

தொப்பி போட்ட மனிதர் எவரும் எங்கள் வீட்டுக்கு நல்ல காரியமாக வந்ததில்லை. ரோஸ் பெல் ஊருக்குப் பக்கத்தில், கரும்புக்கு நடுவே இருந்த எங்கள் தகரக்கூரை வீட்டுப் பாதையில் ஒரு தொப்பி தெரிந்தாலே அது உசியேதான் என்று முடிவுகட்டிவிடுவோம். உசியே என்றால் கடன் பாக்கிக்குச் சாமான்களை ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஆள். பக்கத்து வீட்டுப் பசுவை அவர் ஓட்டிக்கொண்டு போனதை வேலி இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் சாப்பிட அடம்பிடித்தால் அம்மா பேயையோ பூதத்தையோ கூப்பிடுவதில்லை. உசியேயைக் கூப்பிடுவாள். நான் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்துவிடுவேன்.

அதனால், பட்டணமான போர்ட் லூயியிலிருந்து ஒரு துரை நம் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று அப்பா சொன்னதும் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

விஷயம் சித்தப்பாவைப் பற்றியது. அப்பாவின் தம்பியான அவர் பட்டணத்தில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சர்க்கார் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் ஸ்காலர்ஷிப் மயிரிழையில் அவர் கையை விட்டுப் போயிருந்தது. ஆனால் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, ஏழைப் பிள்ளை ஒருவனைத் தங்கள் செலவில் அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். கப்பல் பயணம், கல்லூரிச் சம்பளம், சாப்பாடு, குளிருக்குக் கம்பளிக் கோட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சித்தப்பா டாக்டராகத் திரும்பி வரலாம். அதற்கு முன்னால் குடும்பத்தை நேரில் பார்க்க ஒருவர் வருவார். கோயில் குருக்கள் மூலம் சித்தப்பா சொல்லியனுப்பியது இவ்வளவுதான். மீதியை நாங்களே புரிந்துகொள்வோம் என்று நினைத்துவிட்டார். படித்தவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. “தொப்பிக்காரன் வர்றான்னா இருக்கறதையும் ஒளிக்கணும்” என்றாள் அம்மா. செப்புக்குடம், மரப்பெட்டி, கோழிகள் எல்லாவற்றையும் கரும்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறும் பாயில் உட்கார்ந்திருப்போம் என்பது அவள் யோசனை. பயத்தில் சொன்ன யோசனைதான். அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஒண்ணுமில்லாதவனை நம்பி எவன் காசு விட்டிருக்கான்? வயல்ல கரும்பு நிக்கிறவனுக்குத்தானே ஆலைக்காரனே கடன் குடுக்கறான்! ஏழைன்னா பிச்சைக்காரன்னு அர்த்தமா?”

அப்பாவுக்குத் தெரிந்த உலகத்தில் அது உண்மைதான். அதனால் பெண் பார்க்க ஆள் வரும்போது செய்வதையே செய்வது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவே சாமான் தந்து உதவும். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அத்தை வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. தோட்டத்துக் கங்காணி தன் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார். யாருடைய பசுவோ எங்கள் மாமரத்தடியில் நின்று அசைபோட்டது. அத்தையின் காசுமாலை என் கழுத்தில் ஏறியது.

எனக்குப் பாடமும் சொல்லித்தந்தார்கள். நாற்காலி யாருடையது என்றால் நம்முடையது. பசு யாருடையது என்றால் நம்முடையது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் சோறும் கோழிக்கறியும். சூறாவளியில் கரும்பு சாய்ந்துபோன வருஷம் அது. அன்று காலையில் சாப்பிட்டதும் முந்தின நாள் சாப்பிட்டதும் அவித்த மரவள்ளிக்கிழங்கு. எங்கே வாய் தவறிக் கிழங்கு என்று சொல்லிவிடுவேனோ என்று பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் அந்த மனிதர் நாற்காலிகளையும் பசுவையும் ஜப்தி செய்வார், காசுமாலையை என் கழுத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போவார் என்றே நம்பினேன்.

ரயிலடியிலிருந்து சித்தப்பாதான் அவரை அழைத்து வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்த சித்தப்பா நாற்காலிகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“மிஸ்யே, இந்த நாற்காலியெல்லாம்...” என்று சித்தப்பா எங்கள் தீவின் பொதுப் பேச்சான கிரியோலில் ஆரம்பித்தார்.

“எங்க அப்பா காலத்துது மிஸ்யே, உட்காருங்க!” என்று அப்பா முந்திக்கொண்டார்.

வளர்த்து ஆளாக்கிய அண்ணனை வெளியார் முன்னால் பொய்யனாக்கச் சித்தப்பாவுக்கு நாக்கு எழவில்லை.

வந்தவர் வயதானவர். நான் நினைத்த மாதிரி மீசையை முறுக்கவில்லை, அதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். பசுவைப் பற்றி விசாரித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற சித்தப்பா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று. கிழங்கை நினைத்துக்கூடப் பார்க்காதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். காசுமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, “சோறும் கோழிக்கறியும்” என்றேன்.

“தினமுமா?”

இதற்கு யாரும் எனக்குப் பாடம் சொல்லித்தரவில்லை. “தினமும்” என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டினார். எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் கையை ஒரு துரை குலுக்கியது அதுதான் முதல் தடவை.

“என் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. இன்னொரு பையன் வீட்டுக்கும் போயிருந்தேன், அங்கே உட்கார ஒரு பலகை இல்லை. உங்கள் தம்பிக்கு நீங்கள் இருக்கிறீர்கள், கடவுளுக்கு நன்றி” என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. துரையே வாய்விட்டுப் புகழ்ந்த பிறகு கேட்கவேண்டுமா? ரயிலடிவரை கூடப் போய் அவரை ஏற்றிவிட்டு வந்தார். அதற்குள் அத்தை வந்தாள், கங்காணி வந்தார், பசுவின் சொந்தக்காரர்கூட வந்தார். வீடு கல்யாண வீடாகிவிட்டது. அம்மா மட்டும் அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எல்லாரும் என்னைத்தான் கொண்டாடினார்கள். இந்த வயதில் என்ன சமர்த்து, திக்காமல் திணறாமல் சொன்னாளே என்று அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

சித்தப்பாவை அங்கே காணவில்லை. தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால், சாய்ந்த கரும்பைப் பார்த்தபடி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். எப்போது கப்பல் ஏறுவீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் பலகை இல்லாத வீட்டுப் பையனைத்தான் கேக்கணும்” என்றார்.

அவனை எதற்குக் கேட்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. படித்தவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். நான் சரியாகச் சொன்னேனா சித்தப்பா என்று கேட்டேன். அவர் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

“நீ நல்லாத்தான் பேசினே பாப்பா. உன்மேல தப்பொண்ணுமில்லே” என்றார்.

அவர் வாயாலேயே கேட்ட பிறகு எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. சித்தப்பாவைச் சீமைக்கு அனுப்புவது நான்தான் என்று அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.