ஈரலுக்குள் போகும் தண்ணீர்

ஒரு கண்ணை மூடி, கண்ணாடித் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, வெள்ளைப் புள்ளிகளை முணுமுணுப்பாக எண்ணுகிறார் உர்க்கியா. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் அக்தாவ் நகர ஆய்வுக்கூடத்தில் அந்த நேரம் தேநீர்க் கிண்ணத்தைக்கூட யாரும் சத்தமாக வைப்பதில்லை.

காஸ்பியன் கடற்கரையில் எங்கே எண்ணெய் ஒதுங்கினாலும் நீர் எடுத்துவருவார். அதன் சாரத்தைத் தட்டிலுள்ள கிருமிகளுக்குக் கொடுப்பார். தமக்கு வேண்டிய ஒரு சத்தைத் தாமே செய்துகொள்ளத் தெரியாமல் முடங்கிக் கிடக்கும் கிருமிகள் அவை. நீரிலுள்ள ஏதாவது அவற்றின் மரபணுவை மாற்றிவிட்டால், சில அந்த வித்தையைத் திரும்பப் பெற்றுப் பெருகும். அவைதான் புள்ளிகள். "கண்ணுக்கே தெரியாததுங்க, நமக்குச் சாட்சி சொல்லுதுங்க பாரேன்!" என்பார். இருபத்தெட்டு வருஷமாகியும் அந்த வியப்பு அடங்கவில்லை.

சென்ற வசந்தத்தில் ஒரு குடாவில் எண்ணெய் படர்ந்தது. நீர் எடுக்கப்போன உர்க்கியாவை மீனவர் எசெங்கெல்டி மறித்தார். "எத்தனையோ பேர் பாட்டில்ல மொண்டுட்டுப் போனாங்க தங்கச்சி. மீனைத் திங்கலாமா கூடாதான்னு ஒருத்தரும் சொல்லல."

இரண்டே நாளில் முடிவு வந்தது. வழக்கமாகத் தானே முளைக்கும் இருபது புள்ளிகள்தாம். "நல்ல தண்ணின்னு எழுதிடுங்கக்கா. மேல இருந்து பிடுங்கறாங்க," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் ஓராஸ்பெக்.

"தண்ணி தட்டோட நின்னுடுமா? ஈரலுக்குள்ள போகாதா? எலி ஈரல் சாறு தீந்துபோச்சு. வரட்டும்."

எண்ணெயிலுள்ள சில பொருள்கள் வெளியே சாதுவாக இருக்கும். உடம்புக்குள் போனால், கழித்துத் தள்ளப் பார்க்கும் ஈரலே அவற்றை நஞ்சாக்கிவிடும். அதைத் தட்டிலேயே நடத்திப் பார்க்கத்தான் எலி ஈரல் சாற்றைக் கலப்பது.

சாறு வரப் பத்து நாள் ஆயிற்று. மேலிடத்திலிருந்து தினம் ஒரு தொலைபேசி மிரட்டல். உர்க்கியா கையெழுத்துப் போடவில்லை.

சாறு கலந்து வைத்த தட்டை எடுத்தபோது தூறல் விழுந்தாற்போல் புள்ளிகள். இருநூற்றுப் பத்து வரை எண்ணியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதே சாற்றோடு நல்ல நீர் வைத்த தட்டில் இருபத்து மூன்றுதான். ஓராஸ்பெக் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நல்ல தண்ணின்னு எழுதி அனுப்பியிருப்பேனேக்கா..." அறிக்கையில் முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

மறுநாள் காலை உர்க்கியா குடாவுக்குப் போனார். "இங்க பிடிக்காதீங்கண்ணே. புள்ளைங்களையும் இறக்காதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாதுண்ணே. மாசாமாசம் வந்து பாப்பேன்."

எசெங்கெல்டி இடுப்பளவு நீரில் இறங்கி வலையைச் சுருட்டத் தொடங்கினார். நனைந்த வலை, தனியாள் இழுப்புக்கு அசையவில்லை. உர்க்கியா மேல்கோட்டைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, எண்ணெய் மினுங்கும் நீரில் இறங்கி மறுமுனையைப் பிடித்தார்.