அக்குறணையில் ஜீப்புக்குக் காத்திருந்த நாள்

காலை எட்டு மணிக்குக் கண்டியிலிருந்து ஜீப்பில் புறப்பட்டோம். அக்குறணை ஏறத்தாழ ஆறு மைல். ஒரே குடும்பங்களின் உடல்நலத்தை ஆண்டுதோறும் போய்ப் பார்த்துவரும் ஆய்வில் நான் தாதி, யாழ்ப்பாணத்துக்காரி. சாரதி பண்டார சிங்களவர். நான்கு வருடமாக அவருடன்தான் இந்தப் பாதையில் போய்வந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும்போது எல்லாம் வழமைபோலவே இருந்தது. அக்குறணையில், ஆய்விலிருந்த முஸ்லிம் குடும்பமொன்றில், நசீமாவின் மகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவிலிருந்து ஓடிவந்த நசீமாவின் கணவர், கண்டியில் தமிழர் கடைகள் எரிவதாகவும், பாலத்தடியில் சிங்களக் கும்பல் வாகனங்களை மறித்துத் தமிழரைத் தேடுவதாகவும் சொன்னார்.

"மிஸ் இங்க இருங்க. நான் போய்ப் பார்த்து வாறது," என்று பண்டார ஜீப்பைத் திருப்பினார்.

நசீமா என்னை உள்ளறையில் இருத்தி யன்னலைச் சாத்தினாள். நான் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்த ஒரே சிங்களவர் பண்டார என்ற நினைப்பு வந்தது. வந்தபின் போகவேயில்லை.

பின்னேரம் ஜீப் வந்து நின்றது. யன்னல் நீக்கலால் பார்த்தேன். உள்ளே இன்னொருவர் இருந்தார்.

இறங்கியது பண்டாரவின் மனைவி. கையில் சிங்களப் பெண்கள் உடுத்தும் ஒசரிச் சேலை. நான் குடியிருந்த வீடு எரிந்துவிட்டதாகவும், தமிழரைக் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பாக வைத்திருப்பதாகவும் பண்டார சொன்னார். அவர் மனைவி சேலையை உடுத்திவிட்டாள். நசீமா என் பொட்டைத் துடைத்தாள்.

"மிஸ், யாரும் கேட்டா உங்கட யாழ்ப்பாணத்து 'ஓம்' எண்டு மட்டும் சொல்லிராதீங்க, அதிலயே தமிழெண்டு தெரிஞ்சிரும்," என்றாள் நசீமா.

பாலத்தடியில் தடிகளுடன் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். தங்கைக்குக் காய்ச்சல் என்று பண்டாரவின் மனைவி சிங்களத்தில் சொன்னாள். ஒருவன் என் முகத்தையே பார்த்தபடி நின்றான். நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு தானாகவே நடுங்கியது. வழி விட்டார்கள்.

பள்ளிக்கூட வாசலில் இருவரும் என்னை இறக்கிவிட்டார்கள். வகுப்பறைத் தரையில் கைக்குழந்தையுடன் செல்வி இருந்தாள். அவள் வீடும் எங்கள் ஆய்வில் உண்டு; அந்த வெள்ளிக்கிழமை அங்கே போவதாக இருந்தோம்.

"வெள்ளிக்கிழமை வர வேணாம் மிஸ்," என்றாள். "வீடு இல்லீங்க."

பிறகு குழந்தையை என்னிடம் நீட்டினாள். தராசு அக்குறணையிலேயே கிடந்தது. மடியில் வாங்கி, கண்ணையும் நாக்கையும் பார்த்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். பிள்ளை சுகமாக இருப்பதாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.