இரண்டாவது பிடி அரிசி

புதுச்சேரியில் நடுப்பகல் பன்னிரண்டு அடித்தால் எங்கள் தெரு ஒரு நிமிஷம் பேச்சை விழுங்கிவிடும். முத்தியால்பேட்டைக்குக் குடிவந்த முதல் நாள் எனக்கு இது தெரியாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் நின்று, பக்கத்து வீட்டு மதலேன் அக்காவிடம் மீன் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "பிள்ளைச்சாவடிலேந்து கூடக்காரி வருவா, அவகிட்ட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கயிற்றை விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வாளி தடாலென்று கிணற்றுக்குள் விழுந்தது. மயக்கமோ என்று பதறிப்போய் நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை முறைத்தார். உதடு அசைய ஜெபத்தை முழுசாக முடித்தார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, "அவகிட்டயே வாங்கு, விடிகாலைல வருவா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தூரத்தில் கோயில் மணி அடித்ததை நான் கவனிக்கவே இல்லை. நம் பக்கத்தில் மணி அடித்தால் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். சேலையை மாற்றிக்கொண்டு ஓடுவோம். இங்கே மணி அடித்தால் யாரும் எங்கும் ஓடுவதில்லை.

நெல்லைச் சீமையில் இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். புதுச்சேரி என்ன சீமையா, ரயிலில் போனால் வந்துவிடும் ஊர்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் பெட்டி கட்டினேன். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம் என் வீட்டுக்காரருக்குத் தபாலாபீசில் வேலை மாற்றி இங்கே அனுப்பினார்கள். என் மகள் சாந்தி அப்போது கைக்குழந்தை. வந்து பார்த்தால் போலீஸ்காரன் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பி, கடையில் நன்றிக்கு "மெர்சி", பெரிய மனிதர்களுக்கு "மெஸ்ஸியே". அதெல்லாம்கூடப் பழகிவிடும். நம் ஆண்டவர் பெயரே இங்கே வேறாக இருந்ததுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. நாம் கர்த்தர் என்போம், கத்தோலிக்கரான இவர்கள் சர்வேசுரன் என்பார்கள். நமக்கு இயேசு, இவர்களுக்குச் சேசு. அதே வேதம், அதே தமிழ்தான். ஆனாலும் யாரோ நம் வீட்டு ஆளை நமக்குத் தெரியாத பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல் இருந்தது. எங்கள் சபையார் இந்த ஊரில் நாலைந்து குடும்பம்தான். மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து சபைப் போதகரான ஐயர் வந்து ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஆராதனை நடத்துவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே பாட்டுப் பாடுவோம். இரண்டு பேர் பாடினால் பாட்டு எங்கே நிறைகிறது? பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் கர்த்தருக்குப் பயந்தவர் என்று சொன்னால் போதாது. வேதப்புத்தகம் வாசிக்கும்போது சுவரில் சாய மாட்டார். சனிக்கிழமையே ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சமைத்துவிட வேண்டும். ஓய்வுநாளில் அடுப்பு எரியக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, ஊருக்குக் கடிதாசி எழுதக் கூடாது. மதலேன் அக்கா வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்தான் கறிக்குழம்பு கொதிக்கும். அந்த வாசனையை மோந்துகொண்டே நாங்கள் பழைய சோறு தின்போம். "என்னா தங்கச்சி, ஆண்டவரு நாளும் அதுவுமா உங்க வூட்ல அடுப்பு எரியல? அரிசி இல்லையா?" என்று அவர் ஒருநாள் கிண்ணத்தில் குழம்போடு வந்து நின்றார். ஆண்டவருக்காகத்தான் எரியவில்லை என்று நான் விளக்கியது அவருக்குப் புரியவே இல்லை. பிறகு எங்கள் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். படம் இல்லை, சுரூபம் என்று இவர்கள் சொல்லும் சிலையும் இல்லை. வாங்க வசதியில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, பாவம். மறுநாள், நாம் யோசேப்பு என்போமே அந்தச் சூசையப்பரும், தேவமாதாவும், பாலன் சேசுவுமாக ஒரு படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எங்கள் சபையில் படம் வைத்துக் கும்பிடுவது ஆகாது என்பதால் மாட்டவும் முடியாது, மறுக்கவும் மனசு வரவில்லை. கல்யாணச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் வரும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். எனக்குத்தான் குறுகுறுவென்றிருக்கும்.

கைப்பிடி அரிசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போது முதல் பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து, ஒரு சின்ன ஜெபம் சொல்லித் தனிக் கலயத்தில் போடுவோம். மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அசனப் பண்டிகையில் அந்த அரிசியும் சேர்ந்து வெந்து, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். கலயத்தில் விழுந்த அரிசியை நம் வீட்டுக்கு எடுக்க மாட்டோம். பிள்ளை பசித்து அழுதாலும் கடன்தான் வாங்குவோம். இங்கே வந்த பிறகும் என் கை அந்தப் பிடியை நிறுத்தவில்லை. கொண்டுபோய்க் கொட்டத்தான் கோயில் இல்லை. முதல் வருஷம் மூட்டையாகக் கட்டி ரயிலில் ஊருக்கே தூக்கிக்கொண்டு போனேன். "ஏம்மா, அரிசியச் சுமந்துக்கிட்டா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்று ஊர்ச் சபை ஐயரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அது என் ஒரு வருஷத்துத் தனிமை முழுவதும், ஐயா, என்று சொல்ல நினைத்தேன். அதற்கப்புறம் சில வருஷம் விடுப்பே கிடைக்கவில்லை. கலயம் நிறைந்து, பானை நிறைந்தது. வாரம் ஒருமுறை வெயிலில் கொட்டி வண்டு பொறுக்குவேன்.

அப்படியிருக்கும்போதுதான் மதலேன் அக்காவின் வீட்டுக்காரர் சவரிநாதன் அண்ணன் வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்றாவது மாதமும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறி வாசனை நின்றது. அவர்கள் வீட்டிலிருந்து கஞ்சி வாசனைகூட வராத நாட்கள் இருந்தன. நான் எதையாவது கொடுத்தால், "தோ, இப்பதான் சாப்டு முடிச்சோம்" என்பார் அக்கா. பொய் என்று இருவருக்கும் தெரியும். மார்ச் மாதம் ஒருநாள் கிணற்றடியில் உட்கார்ந்து அவர் தேம்பித் தேம்பி அழுதார். பசியால் இல்லை. சூசையப்பர் திருநாளன்று மூன்று ஏழைகளைக் கூப்பிட்டு, காலைக் கழுவி, இலை போட்டுச் சாப்பாடு போடுவது அவர்கள் வீட்டு நேர்ச்சை. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை; திருக்குடும்பம் மாதிரி. "கல்யாணமாயி வந்ததுலேந்து ஒரு வருசம் நின்னதில்ல தங்கச்சி. இந்த வருசம் என் கையால நின்னுபோவப் போவுது. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சூசையப்பரு முன்னால நிப்பேன்?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. உள்ளே போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். இது ஆண்டவருக்கென்று எடுத்து வைத்த அரிசி, எங்கள் வீட்டுக்கு ஆகாது, ஆண்டவர் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குள் பட்டினி கிடக்கிற மனுஷி, திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தும், அதிலிருந்து ஒரு ஆழாக்குக்கூடத் தன் உலையில் போடவில்லை. எனக்குத் தெரியும், அந்த ஐந்து நாளும் அவர்கள் கூரையில் புகை வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தார். "மூணு பேரும் நீங்கதான். நீ, உங்க வூட்டுக்காரரு, பாப்பா" என்றார்.

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் எகிறிவிட்டார். "நம்மளைப் பிச்சைக்காரங்கன்னு நெனச்சிட்டாளா அவ?" என்றார். அரிசி போன விஷயம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "யாரைக் கேட்டுக் குடுத்த கிரேசு? அது கர்த்தருக்குன்னு பிரிச்சது."

"கர்த்தர் இத்தனை நாளா வந்து கேக்கலையே. வண்டுதான் கேட்டுச்சு" என்றேன். கல்யாணமாகி முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன்.

"சுரூபத்துக்கு முன்னால வச்ச சோத்தத் திங்கிறது பாவம். நான் வரல" என்றார். குடும்ப ஜெபத்தில் அன்று அவர் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. பாவம்தானோ என்று எனக்கும் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து அப்படித்தானே சொல்லி வளர்த்தார்கள். ஆனால் போகாவிட்டால் நேர்ச்சை முறியும். முறித்தவள் நானாக இருப்பேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷியின் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். நான் சாந்தியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பெஞ்சு போட்டிருந்தது. மூன்று இலை விரித்திருந்தது. மதலேன் அக்கா வாசலையே பார்த்தார். "அவுரு?" என்றார். வரமாட்டார் என்று நான் தலையை ஆட்டினேன். இனி வேறு யாரையும் போய்க் கூப்பிட நேரமில்லை; மணி அடிப்பதற்குள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும். "எங்ககிட்ட என்ன தோஷம் கண்டாரு அவுரு?" என்றார் அக்கா. எங்கள் வீட்டு வசனத்தையெல்லாம் அவருக்கு எப்படி விளக்குவேன்?

மூலையில் நின்றிருந்த சவரிநாதன் அண்ணன் மெல்ல வந்து, காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தார். "என்னா பண்றீங்க? வூட்டாளு உக்காரக் கூடாது. ஏழதான் உக்காரணும்" என்று அக்கா பதறினார்.

"இப்ப நான் யாரு மதலேன்?" என்றார் அவர்.

அக்கா செம்பில் தண்ணீர் எடுத்துவந்து மண்டியிட்டு, சாந்தியின் காலைக் கழுவினார், என் காலைக் கழுவினார், தன் புருஷன் காலையும் கழுவினார். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அடுத்தவர் காலைக் கழுவி வந்த மனிதர், குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மணி அடித்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்; அவர்கள் தங்கள் ஜெபத்தைச் சொன்னார்கள், நான் என் ஜெபத்தைச் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலமானதால் கறி மீன் கிடையாது. சோறும், பருப்பும், கீரையும்தான். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய கொஞ்சம் வெல்லத்தில் ஒரு பாயசம். சவரிநாதன் அண்ணன் முதல் கவளத்தை விழுங்க முடியாமல் அழுதார். நானும் அழுதுகொண்டே சாப்பிட்டேன். நான் ஒவ்வொரு நாளும் தனியாக நின்று அள்ளிப் போட்ட அரிசி அது. வண்டு அரித்த வாசனை லேசாக இருந்தது. ஆனாலும் ஊரைவிட்டு வந்த பிறகு எனக்கு அப்படி ஒரு அசனம் வாய்க்கவில்லை.

சாயங்காலம் நடந்ததை எல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றைய ஜெபத்தில் அவர் சங்கீதத்தைப் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடிவிட்டார். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து வரும்போது கையில் ஒரு புதுக் கலயம் இருந்தது. என் பழைய கலயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சபைப் பங்கைத் தொடாத. இது அவங்களுக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்றிலிருந்து இரண்டு பிடி. பன்னிரண்டு மணி அடிக்கும்போது உலை கொதிக்க வேண்டும் என்று கணக்காக அடுப்பு மூட்டுவேன். மில் திறந்து, அக்கா வீட்டில் மறுபடி கறிக்குழம்பு வாசனை வந்த பிறகும் அந்த இரண்டாவது பிடியை நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் அது அவர்கள் பானைக்குப் போகும். என் வீட்டுக்காரர் இன்றுவரை அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. படமும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இந்த வருஷம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையச் சனம் நின்று பாடியபோது, இதற்காகத்தானே இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று உடம்பு சிலிர்த்தது. மறுநாள் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். உலை நான் வைத்தேன். முதல் பிடியை எடுத்தேன். கை அந்தரத்தில் நின்றது. எதற்கு நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது: மணி பன்னிரண்டு, நம் ஊரில் அந்த நேரத்துக்கு மணி அடிக்காது. அம்மாவின் கலயத்தில் பிடியைப் போட்டு ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். அடுத்து என் கை தானாகவே இன்னொரு பிடியை அள்ளிவிட்டது.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா, ஒரு பிடிதான எடுப்போம்? இது யாருக்கு?" என்றாள்.

நான் பக்கத்தில் தேடினேன். அங்கே இன்னொரு கலயம் இல்லை. கையை மூடிக்கொண்டு நின்றேன்.