அக்கா எழுதாமல் விட்ட படங்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. சுருளிப்பட்டியில் பிறந்து, கம்பத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். படத்தை வரைந்து முடித்ததும் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் இரண்டு வரி எழுதுவது அவர் வழக்கம். "திராட்சைப் பந்தலுக்குள் வெயில் விழுந்தது. அம்மா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்" என்பது போல.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "நீ போடா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. தனக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தத்தையும் விட்டுவிட்டார். நானும் போய்விட்டேன். அதற்காக என்னை வெறுத்தாரோ என்ற பயம் கடைசிவரை இருந்தது. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

நான் புள்ளியியல் படித்தவன். எனக்கு அழத் தெரியாது, கணக்குத்தான் தெரியும். அக்காவின் தகரப் பெட்டியிலிருந்த படங்களின் பின்பக்க வரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மகிழ்ச்சிக்கு மஞ்சள், வருத்தத்துக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு என்று படத்துக்கு ஒரு கட்டம். அம்மா படுத்திருந்த மூன்று வருடமும் ஒரே மஞ்சள். மனசு லேசாகிவிட்டது. அச்செடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா தாளைத் தடவிப் பார்த்தார். "பின்னால எழுதாத படமெல்லாம் எங்கன?"

"அதுல எழுத்தே இல்லையேம்மா. ஒதுக்கிட்டேன்."

"ஏலே, சங்கடமா இருந்தா அவ எழுதவே மாட்டா. என்னையத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன அன்னைக்கெல்லாம் வரைஞ்சத அப்பிடியே பெட்டில போட்டுருவா. அத விட்டுட்டு என்னத்தக் கணக்குப் போட்ட?"

ஒதுக்கிய படங்களை எடுத்து வந்தேன். மூலையில் தேதி மட்டும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கட்டம் வைத்தேன். முடித்துப் பார்த்தால், அந்த மூன்று வருடத்தில் மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. அன்றுதான் அழுதேன்.

என்னை வெறுத்தாரா என்பது இன்னும் தெரியவில்லை. அக்காவுக்கான இந்த நினைவு மலரின் பின்னட்டையில் இருப்பது அந்தக் கட்டங்கள்தான். இத்தனை வெள்ளை இருப்பதை அச்சுப்பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அம்மாவைத் தூக்கக் கை கொடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், அக்கா கேட்டபோதெல்லாம் விடுப்புத் தந்த தலைமையாசிரியைக்கும், மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்த கடைக்கார அண்ணனுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்த வெள்ளை நாட்களில் அக்காவுடன் நீங்கள் இருந்தீர்கள். நான் இல்லை.