வியாழக்கிழமைக்கு மேலதான்

வாஷிங் மெஷின் மெக்கானிக் தன் தொழிலில் கற்ற முதல் பாடம், கூப்பிட்ட உடனே போய் நிற்கக் கூடாது என்பதுதான். வீட்டில் மெஷின் நின்றுபோய், ஈரத் துணிக் குவியலுக்கு முன்னால் ஒரு அம்மா தவித்துக்கொண்டிருப்பார். இருக்கட்டும். "கை நிறைய வேலைங்க, வியாழக்கிழமைக்கு மேலதான் வர முடியும்" என்று சொல்ல வேண்டும். உடனே ஓடினால், இவனுக்கு வேலை தெரியாது போல, அதான் சும்மா இருக்கிறான் என்று நினைத்துக் கூலியில் பாதிக்குப் பேரம் பேசுவார்கள். சரி, சொல்லியாயிற்று. வியாழக்கிழமை வரும்வரை எங்கே போய் உட்காருவது?

அதற்குத்தான் உதிரிபாகக் கடை இருந்தது. கடையின் பின்பக்கம், பழைய டிரம்களுக்கும் ரப்பர் குழாய்களுக்கும் நடுவில் மூன்று நான்கு ஸ்டூல்கள். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவியிடம் "வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் நேராக அங்கேதான் வருவார். அவருக்கு முன்பே, பிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் பிரிட்ஜ் அண்ணன் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஏசி ரிப்பேர்காரர் சற்றுப் பிந்தி வருவார். மூவரும் தலைக்குமேல் வேலை உள்ளவர்கள்.

அங்கே மேஜைமேல், உடம்பில்லாத ஒரு பழைய மோட்டார் கிடந்தது. யாருக்காவது போன் வந்தால் பக்கத்தில் இருப்பவர் அதன் சுவிட்சைப் போட்டுவிட வேண்டும், அது எழுதாத சட்டம். தடதடவென்று அது ஓட, போனை எடுத்தவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஒரு வேலையில இருக்கேங்க" என்று கத்துவார். உண்மையைச் சொன்னால், அந்தக் கடையில் தினமும் வேலை பார்த்தது அந்த மோட்டார் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் வீட்டுக்கு மச்சினன், மனைவியின் தம்பி, வந்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவன் மேற்பார்வையாளன். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டுமாம், மாதச் சம்பளமாம், லீவு போட்டாலும் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்களாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி:

"உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் யாராச்சும் வேலை இல்லாம இருந்தா சொல்லுங்க மாமா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். பதில் வருவதற்குள் தையல் மெஷினில் இருந்த மனைவி முந்திக்கொண்டாள். "அவர்கிட்ட போய்க் கேக்குறியே, அவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்ல." மெக்கானிக்கும் தன் பங்குக்கு, விசாரித்து இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். அதையும் தாடையைத் தடவிக்கொண்டு, பெரிய மனிதர் போலச் சொன்னார்.

அதன்பிறகு மனுஷனுக்கு ஒன்றும் ஓடவில்லை. வேலை இல்லாத ஆள் என்றால் யார்? கம்பெனிக்காரன் நிறுத்தினால் அதற்கு ஒரு நாள் இருக்கும், ஒரு சண்டை இருக்கும், அழுவதற்கு ஒரு காரணமாவது இருக்கும். இவரை யார் நிறுத்தினார்கள்? முதலாளியும் இவர்தான், ஆளும் இவர்தான். பை இருக்கிறது, போன் இருக்கிறது, எப்போதாவது அடிக்கவும் செய்கிறது. புது மெஷின் வாங்குகிறவர்கள் வீட்டுக்கு ரிப்பேருக்குக் கம்பெனி ஆளே வந்துபோகிறான் என்பது தெரியும். ஆனால் வேலை குறைந்தது எப்போது, அறவே இல்லாமல் போனது எப்போது? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. வாடகையை மனைவிதான் தையல் காசில் கட்டுகிறாள். வசூலாக வேண்டியது நிறைய இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் அதை நம்பித்தான் தம்பியிடம் அப்படிச் சொன்னாளா, இல்லை கௌரவத்துக்காகச் சொன்னாளா? அதுவும் விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

திங்கட்கிழமை கடையில், ஆஸ்பத்திரிக்கு மெக்கானிக் ஒருவர் வேண்டுமாம் என்று மட்டும் சொல்லிவைத்தார்; நமக்கெல்லாம் ஏது நேரம் என்றார் பிரிட்ஜ் அண்ணன். செவ்வாய்க்கிழமை மதியம், கடை ஸ்டூலில் அவர் இதையே புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சினன். எடுத்த மறுநொடியே பிரிட்ஜ் அண்ணன் கடமை தவறாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

மேனேஜர் இன்றைக்கே முடிவு செய்கிறாராம், சாயங்காலம் வேறொருவன் வருகிறானாம். "யாரும் கிடைச்சாங்களா மாமா? ரொம்பச் சத்தமா இருக்கே, வேலையில இருக்கீங்களா? அப்புறமா பேசட்டா?"

"இல்ல, வேலையில இல்ல" என்றார் மெக்கானிக்.

மச்சினன் காதில் விழவில்லை. என்ன, என்ன என்றான். இவர் எழுந்து நின்றே கத்தினார்.

"எனக்கு வேலை இல்ல மச்சான். ரொம்ப நாளாவே இல்ல."

மச்சினன் சிரித்தான். விளையாடாதீர்கள், மெஷின் ஓடுவது எனக்கே கேட்கிறது என்றான். இப்படியும் ஒரு கூத்து. தனக்கு வேலை இல்லை என்பதற்கு ஒரு மனிதன் எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? மெக்கானிக் குனிந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் இழுத்து இழுத்து நின்றது. ஏசி ரிப்பேர்காரர் தரையைப் பார்த்தார்.

"இப்பக் கேளு" என்றார் போனில். "ஒரு சத்தமும் இல்ல."

மறுமுனையில் மச்சினனின் சிரிப்பு நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உடனே வர முடியுமா மாமா?" என்றான்.

"கை நிறைய வேலை, வியாழக்கிழமைக்கு மேலதான்" என்றது வாய். சத்தியமாக வாய்தான். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எது பொய், எது நிஜம் என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை. "இல்ல, இல்ல, இப்பவே வர்றேன்" என்று போனை வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

கடை வாசலைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பிரிட்ஜ் அண்ணன். தலைக்குமேல் வேலை உள்ள அதே பிரிட்ஜ் அண்ணன். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏம்பா, அங்க ஒரு ஆள்தான் வேணுமாமா?"